பிளஷர் என்றொரு வண்டி

அறுபதுகளின் அமெரிக்க மஸில் கார் விற்பனைக்கு வந்தால், விளம்பரத்தில் ‘லோ மைலேஜ்’ என்ற இரண்டு சொற்கள் அடிக்கடி இருக்கும். பெங்களூர் பிரேசர் டவுனில் டீக்கடை வாசலில் நிற்கும் நம் ஆள் ஒருவரிடம் அதைப் படித்துக் காட்டுங்கள். “மைலேஜ் கம்மின்னு அவங்களே போட்டுட்டாங்களே, அப்புறம் யாரு வாங்குவா?” என்று கேட்பார். கேள்வி நியாயமானது. நம் நாட்டில் மைலேஜ் என்றால் ஒரு லிட்டருக்கு வண்டி எத்தனை கிலோமீட்டர் கொடுக்கிறது என்ற கணக்கு. அமெரிக்க விற்பனையாளர் சொல்வது, வண்டி பிறந்ததிலிருந்து மொத்தம் எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்பதை. பெட்ரோல் மலிவாகக் கிடைத்த ஊரில் அந்தச் சொல் ஓட்டத்தை அளந்தது. லிட்டர் லிட்டராக எண்ணிப் போட்ட ஊரில் செலவை அளந்தது.

வேடிக்கை என்னவென்றால், மஸில் காருக்கு இரண்டு பொருளும் பொருந்தும். 1964இல் பான்டியாக் நிறுவனம் தன் நடுத்தர அளவு டெம்பஸ்ட் வண்டிக்குள் 389 கன அங்குல வி-8 எஞ்சினை இறக்கி ஜிடிஓ என்று பெயரிட்டது. அந்த அளவு வண்டியில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது என்று தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் வரம்பு கட்டியிருந்தது. வேண்டுவோர் கேட்டு வாங்கும் கூடுதல் வசதி என்று பட்டியலில் சேர்த்து பான்டியாக்காரர்கள் அந்த வரம்பைத் தாண்டினார்கள். 389 கன அங்குலம் என்றால் ஏறத்தாழ 6,400 சிசி. நம் அம்பாசடரில் இருந்த 1,489 சிசி எஞ்சின்கள் நாலைக் கூட்டினாலும் அந்த அளவைத் தொடாது. அந்நாளைய பத்திரிகைகள் இவ்வகை வண்டிகளை ‘சூப்பர் கார்’ என்றும் எழுதின. நிலைத்தது ‘மஸில் கார்’.

இப்படி ஒரு பழைய வண்டியை இன்று பெரும்பாலும் யாரும் ஆபீசுக்குப் போகவோ காய்கறி வாங்கவோ வைத்துக்கொள்வதில்லை. ஓட்டுகிற சந்தோஷத்துக்காக மட்டும் வைத்திருப்பார்கள். ஐம்பது வருடத்துக்குப் பிறகும் சில வண்டிகள் ஓடிய தூரம் குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இப்படிப்பட்ட வண்டிக்கு நம் தாத்தா பாட்டிகள் நூறு வருடத்துக்கு முன்பே ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அது பிளஷர்.

திருநெல்வேலி, மதுரை, கோவைப் பக்கத்துக் கிராமங்களில் பெரியவர்கள் பேச்சைக் கேட்டவர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. “மாப்பிள்ளை பிளஷர்ல வந்து இறங்கினாரு.” “பண்ணையார் வீட்டு பிளஷர் நிக்குது.” “ஆஸ்பத்திரிக்கு பிளஷர் வச்சுத்தான் கூட்டிட்டுப் போனோம்.” சிலர் நாக்கில் பிளசர், சிலர் நாக்கில் பிளஷர் காரு. இளையவர்களுக்கு இது ஒரு ஸ்கூட்டரின் பெயர். 2000களின் நடுவில் அந்த ஸ்கூட்டர் வந்த பிறகு பாட்டி சொல்லும் பிளஷரும் பேத்தி ஓட்டும் பிளஷரும் வேறு வேறு வண்டியாகிவிட்டன.

சொல்லின் மூலத்தைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் ‘பிளஷர் கார்’ என்பது மோட்டார் வியாபாரத்தில் புழங்கிய சாதாரணச் சொல். குதிரை வண்டிக் காலத்திலேயே, சரக்கு ஏற்றும் வண்டி ஒரு வகை, சொந்த உலாவுக்கான வண்டி இன்னொரு வகை என்று பிரித்துப் பேசும் வழக்கம் இருந்தது. மோட்டார் வந்ததும் அதே பிரிவினை தொடர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து அமெரிக்க விளம்பரங்களிலும் டயர்ப் பட்டியல்களிலும் ஒரு பக்கம் வணிக வண்டிகள், இன்னொரு பக்கம் பிளஷர் கார்கள்.

அந்தச் சொல்லை அமெரிக்கர்களே ஏன் கைவிட்டார்கள் என்பதுதான் இந்த வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்த இடம். 1917இல் அமெரிக்கா முதல் உலகப் போருக்குள் இறங்கியது. எஃகும் எரிபொருளும் போருக்குப் போயின. 1918 ஆகஸ்ட் இறுதியில் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இருந்த மக்களிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்ட வேண்டாம் என்று அரசு கேட்டுக்கொண்டது. பிள்ளைகள் போர்முனையில் இருக்கும்போது ‘இன்பத்துக்கான வண்டி’ என்ற பெயரோடு ஒரு பொருளைச் செய்து விற்பது கார்த் தொழிலுக்குச் சங்கடமாகப் போனது. இன்பப் பொருள் என்றால் அரசு முதலில் அதற்குத்தானே இரும்பை நிறுத்தும்? ‘பிளஷர் கார்’ என்று சொல்லாதீர்கள், ‘பாசஞ்சர் கார்’ என்று சொல்லுங்கள் என்று தொழில் அமைப்புகளே வலியுறுத்தின. பயணி என்றால் ஏதோ காரியமாகப் போகிறவர், அவருக்கு இரும்பை மறுக்க முடியாது. இன்றைக்கும் விற்பனைப் புள்ளிவிவரங்களில் பாசஞ்சர் கார் என்று அச்சாகும்போது அந்தப் போர்க்காலக் கூச்சம் அதற்குள் இருக்கிறது. பழைய சொல் முற்றிலும் சாகவுமில்லை. 1943 ஜனவரியில் அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் ‘பிளஷர் டிரைவிங்’ தடை செய்யப்பட்டபோது அது மறுபடி தலைகாட்டியது, இந்த முறை குற்றத்தின் பெயராக.

பிறந்த ஊரில் ஒதுக்கப்பட்ட சொல் தமிழ்க் கிராமத்தில் தழைத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஊருக்குள் மோட்டார் மூன்று உருவத்தில் வந்தது. காசு வாங்கிக்கொண்டு ஆளை ஏற்றுவது பஸ், மூட்டை ஏற்றுவது லாரி. இரண்டும் செய்யாமல் ஒரு வீட்டுக்கு மட்டும் சொந்தமாக நிற்கிற மூன்றாவதுக்கு ஒரு பெயர் வேண்டும். ‘மோட்டார்’ என்றால் மூன்றுக்கும் பொது. ‘கார்’ என்ற ஒலியோ தமிழில் ஏற்கெனவே மேகம், கருமை, மழைக்காலம், கார் நெல் என்று பல பொருளைச் சுமந்துகொண்டிருந்தது. ஆகவே வண்டியின் பயனைக் காட்டும் முன்பாதியை எடுத்துக்கொண்டு பின்பாதியை விட்டார்கள். ஆங்கிலத்தில் வெறும் ‘பிளஷர்’ என்றால் கார் என்ற பொருள் இல்லை. அந்தப் பொருளைக் கொடுத்தது தமிழ்.

ஒலியைப் பார்த்தாலும் வேலை நேர்த்தி தெரியும். தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது, அதனால் ப் என்பதற்கு ஓர் இகரம் சேர்ந்தது. மெய்யை அடுத்து வரும் ஆங்கில லகரத்தை நாம் பெரும்பாலும் ளகரமாகத்தான் வாங்குகிறோம். பிளேட், கிளாஸ், கிளப், பிளைமவுத் எல்லாம் அப்படியே. நடுவில் இருக்கும் அந்த ஆங்கில ஒலிக்கு நம்மிடம் எழுத்தில்லை, நாக்கிலும் இல்லை. படித்தவர் ஷகரத்தால் சரிக்கட்டினார், மற்றவர் சகரத்தால். வேற்று மொழிச் சொல் வந்தால் அயல் எழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தில் வழங்கலாம் என்று வடசொல்லுக்குத் தொல்காப்பியம் காட்டிய வழியை, அந்த நூலைப் பார்த்திராத வண்டிக்காரரும் இயல்பாகக் கடைப்பிடித்திருக்கிறார்.

சொல்லோடு வண்டியும் அமெரிக்காவிலிருந்துதான் பெரும்பாலும் வந்தது. இருபதுகளிலும் முப்பதுகளிலும் இந்தியச் சாலைக்கு இறங்கிய கார்களில் அமெரிக்க, கனடா வண்டிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. கனடாவின் ஃபோர்டு 1926இல் இந்தியாவில் தனி நிறுவனம் தொடங்கியது. 1928இல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் பாகங்களைப் பூட்டி வண்டி செய்யத் தொடங்கியது. தரையிலிருந்து உயரமாக நின்று, மாட்டுவண்டித் தடத்திலும் ஓடும் வண்டிகள் அவை.

இந்தக் கதையில் பெங்களூருக்கும் ஒரு பங்கு உண்டு. முப்பதுகளில் பொறியாளர் விசுவேசுவரய்யா இங்கே கார்த் தொழிற்சாலை அமைக்க அமெரிக்காவரை போய்த் திட்டம் தீட்டினார். அன்றைய ஆட்சியின் ஒத்துழைப்பு கிடைக்கவில்லை. அவரோடு அந்தக் கனவில் இணைந்திருந்த தொழிலதிபர் வால்சந்த் ஹிராசந்த் 1940இல் பெங்களூரில் விமானத் தொழிற்சாலை தொடங்கினார், அதுதான் எச்ஏஎல். கார் ஆசையை 1944இல் பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் என்று நிறைவேற்றினார். கிரைஸ்லர் உரிமத்தில் டாட்ஜும் டிசோட்டோவும் பிளைமவுத்தும் 1947 முதல் அங்கே பூட்டப்பட்டன. அறுபதுகளில் பாரகுடா, ரோட் ரன்னர் என்ற மஸில் கார்களைச் செய்த அதே பிளைமவுத். நமக்கு வந்தவை அதன் சாதுவான அண்ணன்மார். ஐம்பதுகளின் நடுவில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்சும் இந்தியாவை விட்டுப் போயின. அதற்குப் பிறகு வந்த அமெரிக்கக் கார்களில் பல, தூதரகங்கள் வழியாக வந்து, அரசு வணிகக் கழகம் விற்றுத் தள்ளியவை. மஸில் கார் பிறந்தபோது நம் கதவு சாத்தியிருந்தது. அதனால்தான் பழைய மஸ்டாங் ஒன்று நல்ல நிலையில் இங்கே விலைக்கு வந்தால் இத்தனை பரபரப்பு. மஸ்டாங்கை ஃபோர்டு முறையாக இந்தியாவில் விற்கத் தொடங்கியது 2016இல்தான்.

பிளைமவுத் என்று பெயர் வைக்கச் சொன்னவர் ஜோசப் ஃபிரேசர் என்பார்கள். விவசாயிகளுக்குப் பழக்கமான ஒரு கயிற்றின் பெயர் அது என்று அவர் எடுத்துச் சொன்னாராம். பின்னாளில் அவர் பெயரிலேயே ஒரு காரும் வந்தது. நம் பிரேசர் டவுனுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இந்த வட்டாரம் 1898இல் நகரைச் சூறையாடிய பிளேக்குக்குப் பிறகு நெரிசல் குறைக்க உருவான புறநகர்களில் ஒன்று. 1910இல் மைசூர் ரெசிடெண்டாக இருந்த ஸ்டூவர்ட் ஃபிரேசரின் பெயரைப் பெற்றது. தமிழில் எழுதினால் இருவரும் ஒருவராகிவிடுகிறார்கள். ஒலி ஒத்திருப்பதை வைத்து உறவு கட்டிவிடும் ஆசை சொல்லாராய்ச்சியில் நிறையப் பேரைக் கவிழ்த்திருக்கிறது.

பிரேசர் டவுனின் அரசுப் பெயர் இப்போது புலிகேசி நகர். சாளுக்கிய மன்னன் பெயர் கன்னட நாட்டுக்கு முழுப் பொருத்தம்தான். ஆனாலும் கன்டோன்மென்ட் காலத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக இங்கே வாழும் தமிழரும் மற்றவரும் ஆட்டோவில் ஏறினால் சொல்வது பிரேசர் டவுன். பலகையில் ஒரு பெயர், நாக்கில் ஒரு பெயர் என்று ஓர் ஊர் வாழ முடியும்.

காருக்கும் அப்படிப் பலகைப் பெயர் ஒன்று உண்டு, மகிழுந்து. இதைச் செயற்கை என்று கேலி செய்வோரைப் பார்த்திருக்கிறேன். ‘விபத்தில் சிக்கிய மகிழுந்து’ என்று செய்தி வந்தால், சாவில் என்ன மகிழ்ச்சி என்று கேட்கிறார்கள். 1918இல் அமெரிக்கக் கார் முதலாளிகளுக்கு வந்த அதே கூச்சம்தான் இது. ஆனால் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். ‘உந்து’ தள்ளுதல், செலுத்துதல் என்ற பொருளில் பழந்தமிழ் வினை. பஸ்ஸுக்குப் பேருந்து, லாரிக்குச் சரக்குந்து, பிளஷருக்கு மகிழுந்து. கிராமத்தார் பிரித்த அதே மூன்று வகை, அதே வரிசை. ‘கார்’ என்பதை மொழிபெயர்த்தால் மகிழ்ச்சி எங்கிருந்து வரும்? மகிழ் என்ற பகுதி பிளஷர் காரிலிருந்துதான் வந்திருக்க முடியும். மகிழுந்தை வேரில்லாத புத்தாக்கம் என்று தள்ளுகிறவர், தன் பாட்டி பேச்சையே தள்ளுகிறார். ஈழத்தில் மகிழூந்து, பேரூந்து என்று நெடிலோடு எழுதுகிறவர்கள் உண்டு. மலேசியத் தமிழர் பேச்சில் அது காடி.

மகிழுந்து என்ற பெயர் இன்று தெருவில் ஓடும் எல்லாக் காருக்கும் பொருந்துமா என்றால், இல்லை. கடன் தவணையும் போக்குவரத்து நெரிசலுமாக பிரேசர் டவுன் மோஸ்க் ரோட்டில் ஊர்ந்துகொண்டிருக்கும் வண்டியில் மகிழ்ச்சி கொஞ்சம்தான். முழுப் பொருத்தம், தார்ப்பாய் போர்த்திப் பாதுகாத்த பழைய வண்டிக்கு. 2021இல் மோட்டார் வாகன விதிகளில் சேர்ந்த பழங்கால வண்டிப் பிரிவு இதை எழுத்திலேயே சொல்லிவிட்டது. முதல் பதிவிலிருந்து ஐம்பது வருடம் கடந்து, பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவில் காப்பாற்றிய வண்டிக்கு ‘விஏ’ என்ற எழுத்துகளோடு தனிப் பதிவெண். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். கண்காட்சி, பழைய வண்டி அணிவகுப்பு, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுதல், பழுது பார்த்தல் ஆகியவற்றுக்குச் சாலையில் இறக்கலாம். அன்றாட ஓட்டத்துக்கோ வாடகைக்கோ கூடாது.

ஆகவே விளம்பரத்தில் ‘லோ மைலேஜ்’ என்று பார்த்து வண்டி பார்க்கப் போகிறவர், நம்மூர்க் கேள்வியை விட்டுவிட்டு மீட்டரைப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்து அமெரிக்க மீட்டரில் முழு மைலுக்கு ஐந்து இலக்கம்தான். 99,999க்கு அடுத்து மறுபடி பூஜ்யத்தில் தொடங்கிவிடும். 23,000 என்று காட்டுவது 1,23,000 ஆகவும் இருக்கலாம். எண் சக்கரங்கள் ஒரே கோட்டில் நிற்காமல் மேலும் கீழுமாக இருந்தால் யாரோ கை வைத்திருக்கக் கூடும். பிரேக் பெடலின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தும் மீட்டர் குறைவாகச் சொன்னால் ரப்பரை நம்புங்கள். எஞ்சின் கட்டையில் பொறித்த எண்ணும் வண்டியின் எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள், விலையில் பெரிய வித்தியாசம் அதில்தான். ஓடாமல் நின்ற வண்டியில் பெட்ரோல் டேங்குக்குள் துரு இருக்கும், சீல்கள் காய்ந்திருக்கும். இப்போது பங்கில் கிடைக்கும் இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், அறுபதுகளின் ரப்பர்க் குழாய்களுக்கு ஆகாது. வாங்கிய கையோடு குழாய்களை மாற்றிவிட்டுத்தான் சாவியைத் திருப்ப வேண்டும்.