அட்லாண்டாவுக்கு அரண் கட்டிய ரயில்வே எஞ்சினியர்

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் கிராண்ட் பார்க் என்று பெரிய பூங்கா ஒன்று இருக்கிறது. பெயரைக் கேட்டவுடன், உள்நாட்டுப் போரில் வடக்கு மாநிலங்களின் தளபதியாக இருந்து பின்னர் ஜனாதிபதியான யுலிசிஸ் கிராண்ட்தான் பலருக்கும் நினைவுக்கு வருவார். ஆனால் அது அவர் பெயர் அல்ல. எதிர்த்தரப்பான தெற்குப் படையில் கேப்டனாக இருந்த லெமுவேல் கிராண்ட் என்ற ரயில்வே எஞ்சினியரின் பெயர். போர்க்காலத்தில் அவர் செய்த வேலை விசித்திரமானது. அவர் கட்டிய அரணை எதிரி உடைக்கவில்லை. ஆனாலும் ஊர் விழுந்தது.

கிராண்ட் தெற்கத்திக்காரரே அல்ல. 1817இல் வடகோடியிலுள்ள மெய்ன் மாநிலத்தில் பிறந்தவர். பென்சில்வேனியாவில் ரயில்பாதை வேலை கற்றுக்கொண்டு, 1840 வாக்கில் ஜார்ஜியா ரயில்ரோடு கம்பெனிக்கு வந்தார். அங்கே தலைமை எஞ்சினியர் எட்கர் தாம்சன். அட்லாண்டா என்ற ஊர் அப்போது கிடையாது. பாதை வந்து முடியும் இடம் என்பதால் 'டெர்மினஸ்' என்றே அழைத்தார்கள். பிறகுதான் மார்த்தாஸ்வில், அதன்பின் அட்லாண்டா. தண்டவாளம் பெற்ற பிள்ளை அந்த ஊர். கிராண்ட் அங்கேயே நிலம் வாங்கிக் குடியமர்ந்தார். தாம்சனோ வடக்கே திரும்பி, பென்சில்வேனியா ரயில்ரோடின் தலைவரானார். 1861இல் போர் மூண்டபோது குரு அந்தப் பக்கம், சிஷ்யர் இந்தப் பக்கம்.

ஜூலை 1863இல் கெட்டிஸ்பர்க்கில் தெற்கு தோற்றது. விக்ஸ்பர்க்கும் கைவிட்டுப் போனது. அடுத்த குறி அட்லாண்டாதான் என்பது எல்லோருக்கும் புரிந்தது. நாலா திசையிலிருந்தும் வரும் ரயில்கள் கூடுகிற ஜங்ஷன் அது. ஆயுதக் கிடங்கு, இரும்பு ஆலை, ராணுவ மருத்துவமனைகள் எல்லாம் அங்கே இருந்தன. தெற்குப் படையின் எஞ்சினியர் பிரிவுத் தலைவர் கில்மர், ஊரைச் சுற்றி அரண் கட்டும் பொறுப்பைக் கேப்டன் கிராண்டிடம் கொடுத்தார்.

பிரெஞ்சில் படித்த எனக்கு இந்தக் கதையில் ஒரு தனி ருசி உண்டு. அமெரிக்க அரண் வேலையின் சொற்களில் பெரும்பாலானவை பிரெஞ்சுச் சொற்கள். கிளைகளைச் சீவிக் கூராக்கி எதிரியை நோக்கிப் போட்ட மரங்களுக்கு 'அபாத்தி'. கட்டையில் கூர்முளைகள் செருகிய தடுப்புக்கு 'ஷெவோ த ஃப்ரீஸ்', அதாவது ஃப்ரீஸ் நாட்டுக் குதிரைகள். தனித்து நிற்கும் சிறு மண்கோட்டைக்கு 'ரெதூத்'. காரணம், வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் இந்தப் பாடத்தை நடத்திய மஹான் என்பவர் பிரான்சின் மெட்ஸ் நகரில் படித்தவர். கில்மர் அக்கல்லூரியில் 1839இல் தேறியவர்.

ஊர் நடுவிலிருந்து ஒரு மைலுக்குச் சற்று அப்பால் 10 மைல் சுற்றளவில் ஒரு வளையம். முதல் திட்டத்தில் 17 சிறு கோட்டைகள். அவற்றை இணைக்கும் பதுங்கு குழிகள். எதிரிக்கு மறைவிடம் கிடைக்கக்கூடாது என்று முன்னால் இருந்த மரங்களையெல்லாம் வெட்டிச் சாய்த்தார்கள்.

வெட்டியவர்கள் யார்? அடிமைகள். பண்ணையாரிடமிருந்து அவர்களை வாடகைக்கு எடுத்தார்கள். வாடகை அடிமைக்கு அல்ல, உடைமையாளனுக்குப் போயிற்று. பல வருஷம் சம்பளப் பட்டியல் எழுதியவன் நான். வேலை பார்த்தவன் பெயருக்கு நேரே வேறொருவன் கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கும் அந்த ஏற்பாட்டை என்னால் எளிதாகத் தாண்டிப் போக முடியவில்லை. தங்களை அடிமையாகவே வைத்திருக்கப் போராடிய அரசுக்கு அவர்களே அரண் எழுப்பினார்கள்.

1864 ஏப்ரலில் கிராண்ட் கணக்குக் கொடுத்தார்: அரண் முழுவதும் ஆள் நிறுத்த சுமார் 55,000 வீரர்கள் வேண்டும். ஜூலையில் வடக்குத் தளபதி ஷெர்மன் வாசலுக்கு வந்தார். தெற்குத் தளபதி ஹூட் அரணைவிட்டு வெளியே வந்து 20, 22, 28 தேதிகளில் மோதி, மூன்றிலும் ஏராளமான ஆட்களை இழந்தார். ஷெர்மனோ அந்த மண்மேடுகளைப் பார்த்துவிட்டு, நேராகத் தாக்குவது வீண் என்று முடிவு செய்தார். ஐந்து வாரம் பீரங்கியால் ஊரை அடித்தார். ஆனால் அவர் கண் தண்டவாளத்தின் மேல்தான் இருந்தது.

ஏனென்றால் அவருடைய படையே ரயிலால்தான் சாப்பிட்டது. லூயிவில்லிலிருந்து அட்லாண்டா வரை 473 மைல், ஒற்றைப் பாதை. ஒரு லட்சம் பேருக்கும் 35,000 விலங்குகளுக்கும் 196 நாட்கள் அதில்தான் சாப்பாடு வந்தது. வண்டியில் கொண்டுவந்திருந்தால் ஆறு கோவேறு கழுதை பூட்டிய 36,800 வண்டிகள் தேவைப்பட்டிருக்கும் என்று பின்னாளில் அவரே எழுதினார். தன் பலம் எதுவோ அதையே எதிரியிடம் அறுக்கத் தீர்மானித்தார்.

ஆகஸ்ட் 25 இரவு முதல் அவர் படை முற்றுகையிலிருந்து விலகியது. ஓடிவிட்டான் என்று ஊரில் மகிழ்ந்தார்கள். படை தெற்கே சுற்றிப்போய், மிச்சமிருந்த மேக்கன் பாதையை ஜோன்ஸ்பரோ அருகே அறுத்தது. தண்டவாளங்களைத் தீயில் காய்ச்சி மரங்களில் சுற்றி முறுக்கினார்கள். செப்டம்பர் 1 இரவு ஹூட் ஊரைக் காலி செய்தார். வெளியே கொண்டுபோக வழியில்லாமல் 81 ரயில் பெட்டிகளைத் தாமே எரித்தார்கள்; அவற்றில் 28 பெட்டிகளில் வெடிமருந்து. மறுநாள் மேயர் ஊரை ஒப்படைத்தார். நவம்பர் தேர்தலில் லிங்கன் ஜெயிக்க இந்த வெற்றி பெரிதும் உதவியது. ஊரைப் பிடித்த ஷெர்மனுக்கும் கிராண்டின் வளையம் பெரிதாகவே பட்டது. சிறு படையால் காக்கும்படி உள்ளே குறுகிய அரண் ஒன்றைத் தம் எஞ்சினியரை வைத்துக் கட்டினார்.

ரயில்பாதை போட்டவருக்கு இது முன்பே தெரியாதா என்று கேட்கலாம். தெரியாமல் இருக்காது. ஊரைச் சுற்றி 10 மைல் அரண் எழுப்பலாம். நூற்றுக்கணக்கான மைல் தண்டவாளத்துக்கு யார் அரண் எழுப்புவது? எது அந்த ஊரைப் பெற்றதோ அதன் வழியாகவே அதற்கு முடிவும் வந்தது.

போருக்குப் பின் கிராண்ட் மீண்டும் ரயில்வேக்கே போனார். தம் நிலத்தில் 100 ஏக்கரை ஊருக்குத் தானமாகக் கொடுத்தார். 1883இல் அது பூங்காவாயிற்று. 1893இல் காலமானார். பிள்ளைகளைப் பார்க்க அட்லாண்டா போகும் அன்பர்கள் அங்கே ஒரு மாலை நடந்துவிட்டு வாருங்கள். தென்கிழக்கு மூலையில் ஃபோர்ட் வாக்கர் என்ற மண்மேடு இன்றும் மிஞ்சியிருக்கிறது. திட்டம் போட்டவர் பெயர் பூங்காவுக்கு இருக்கிறது. மண் சுமந்தவர்களையும் அங்கே ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.