இழப்பும் விசுவாச உறுதியும்: அதோனிராம் ஜட்சனின் பர்மிய ஆண்டுகள் (1826–1834)

இழப்பிலும் தளராத விசுவாசத்திற்குச் சான்றாக அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி அதோனிராம் ஜட்சனின் வாழ்க்கை அடிக்கடி எடுத்துரைக்கப்படுகிறது. ஆயினும், அவ்வுறுதி எளிதில் வாய்த்ததன்று.

ஆங்கிலேய-பர்மியப் போரின்போது (1824–1826) ஜட்சன் ஆவா அரசின் சிறையில் இருந்தார். அவரது பர்மியப் புதிய ஏற்பாட்டுக் கையெழுத்துப் படியைத் தலையணைக்குள் வைத்துத் தைத்துக் காத்தவர் மனைவி ஆன். அவர் 1826 அக்டோபர் 24 அன்று ஆம்ஹர்ஸ்டில் காய்ச்சலால் இறந்தபோது, பிரித்தானியத் தூதுக்குழுவின் மொழிபெயர்ப்பாளராக ஜட்சன் ஆவாவில் இருந்தார்; இறுதி நேரத்தில் உடனிருக்க இயலவில்லை. சரியாக ஆறு மாதங்களில் இரண்டு வயது மகள் மரியாவும் இறந்தாள்.

பின்னர் அவர் பிரவுன் பல்கலைக்கழகம் அளித்த இறையியல் முனைவர் பட்டத்தைத் துறந்தார். காட்டில் குடிசை அமைத்துத் தனித்திருந்தார். புதைகுழி ஒன்றைத் தோண்டி அதனருகே அமர்ந்து சாவையே எண்ணியிருந்தார். கடவுளை நம்பியும் அவரைக் கண்டடைய இயலவில்லை என்னும் கருத்துப்பட 1829இல் எழுதினார். பக்திச் சரிதங்கள் இவ்வாண்டுகளை விரைந்து கடப்பதுண்டு. இதனை விசுவாசக் குலைவாகக் கொள்வதும் பொருந்தாது. மறுதலித்தவர் கண்டடையாமை குறித்து வருந்தமாட்டார். ஜட்சனின் வருத்தமே அவர் தேடலைக் கைவிடாமைக்குச் சான்று.

1834 சனவரி 31 அன்று பர்மிய விவிலிய மொழிபெயர்ப்பு நிறைவுற்றது. அதன் புதிய ஏற்பாட்டுப் பகுதி, ஆன் காத்த அப்படியிலிருந்து திருத்தி வளர்க்கப்பட்டதாகும்.