தாமிரபரணிக் கரை நர்ஸுகள் கடல் தாண்டிய கதை

தாமிரபரணிக் கரையிலிருந்து கடல் தாண்டிப்போன ஆண்களின் கதை எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். கொழும்பில் கடை வைத்த தாத்தா, ரங்கூனில் கணக்கெழுதிய பெரியப்பா, கண்டித் தோட்டத்தில் கங்காணியாக இருந்து திரும்பி வந்து மாடி வீடு கட்டியவர் என்று தெருவுக்கு ஒரு ஆள் கிடைப்பார். பெண்கள் போன கதையைக் கேட்டால், "அது சவுதி திறந்த பிறகுதானே" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். நானும் சவுதிக்குப் போன நர்ஸ்தான். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் படித்து, பம்பாயில் வேலை பார்த்து, 1980களில் ரியாத் போனவள். சவுதி எங்களுக்குச் சம்பளம் கொடுத்தது. ஆனால் ஒரு பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாக வீட்டுப் படி இறங்க முடியும் என்ற நிலைமையை உண்டாக்கியது சவுதி இல்லை. அது சவுதிக்கு நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கேயே, செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் தொடங்கிவிட்டது.

நாசரேத்தில் 1870இல் எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்கன் சங்கத்தின் மிஷனரி டாக்டர் ஸ்ட்ராகன் மருத்துவ வேலையைத் தொடங்கினார். அதுதான் இன்றைய தூய லூக்கா ஆஸ்பத்திரி. அவர் பின்னாளில் ரங்கூன் பேராயராகப் போய்விட்டார். 1876இல் வந்த கேனன் மர்காஷிஸ் 1908இல் இறக்கும்வரை ஊரை விட்டுப் போகவில்லை. அவர் வந்த கையோடு தாது வருஷப் பஞ்சம் பிடித்துக்கொண்டது. பஞ்சத்தில் அநாதையான பிள்ளைகளுக்கு அவர் விடுதி நடத்தினார், தொழிற்பள்ளி நடத்தினார், மருந்தும் கொடுத்தார். இந்தப் பெயர்களை நாசரேத்தில் பள்ளிக்கூடம் போன எந்தப் பிள்ளையும் சொல்லும்.

அந்த ஆஸ்பத்திரியில் காயம் கழுவியது யார், இரவில் முழித்திருந்தது யார் என்று கேட்டால்தான் பதில் வராது. அன்றைக்குத் தமிழ்நாட்டு மிஷன் ஆஸ்பத்திரிகளில் வார்டு வேலைக்கு முதலில் வந்தவர்கள் பெரும்பாலும் விதவைகளும் அநாதை விடுதியில் வளர்ந்த பெண்களும்தான். அந்நியர் உடம்பைத் தொடுவது, ரத்தமும் மலமும் அள்ளுவது, ராத்திரி வெளியே தங்குவது மூன்றும் சாதிக்கும் மானத்துக்கும் ஆகாத காரியங்கள். இழப்பதற்கு வீடென்று ஒன்று இல்லாதவர்களால்தான் அந்த வேலையில் கைவைக்க முடிந்தது. பிறகு, மெதுவாக, உபதேசியார் வீட்டுப் பெண்களும் வாத்தியார் வீட்டுப் பெண்களும் வந்தார்கள். சுதந்திரத்துக்கு முந்தைய இந்தியாவில் நர்ஸ்களில் பெரும்பங்கு கிறிஸ்தவப் பெண்களாக இருந்ததற்குக் காரணம் இதுதான். பக்தி மட்டும் காரணம் என்று பிரசங்கத்தில் சொல்வதை நான் ஒத்துக்கொள்வதில்லை. 1946இல் வெளிவந்த, நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) கமிட்டியின் அறிக்கை நாடு முழுவதற்கும் சுமார் 7,000 நர்ஸ்கள் என்று கணக்குச் சொன்னது. டாக்டர்கள் 47,500 பேர். ஆறேழு டாக்டருக்கு ஒரு நர்ஸ்! அந்த ஏழாயிரத்தில் எங்கள் கரையோரப் பெண்களும் இருந்தார்கள்.

இன்னொன்றும் உண்டு, இதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. ஒரு பெண் கல்யாணம் கட்டாமல், அண்ணன் தம்பி துணையில்லாமல், கடல் கடந்து போய் வேலை செய்து வாழலாம் என்பதை எங்கள் ஊர்ப் பெண்கள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாக்களைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். பாளையங்கோட்டையில் கல்லூரிக்கே தன் பெயர் விழுந்திருக்கிற சாரா டக்கர் இந்தியாவுக்கு வந்ததே கிடையாது. ஆனால் அவர் பெயரில் நடந்த பள்ளியில் பாடம் நடத்த எத்தனையோ பெண்கள் தனியாகக் கப்பலேறி வந்தார்கள். அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல் 1901இல் டோனாவூரில் வந்து தங்கினார், திரும்பி ஊருக்குப் போகவேயில்லை. 1931இல் கீழே விழுந்து அடிபட்டவர் 1951இல் கண்மூடும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயேதான் இருந்தார். அந்த இருபது வருஷமும் அவரைத் தூக்கிப் புரட்டிக் கவனித்ததில் அவர் எடுத்து வளர்த்த தமிழ்ப் பெண்களுக்குப் பெரிய பங்கு. டோனாவூரில் ஏமியின் குழுவினர் கட்டிய ஆஸ்பத்திரிக்குப் பரம சுகசாலை என்று பெயர். வெளிநாட்டு வேலை என்பது எங்களுக்கு முதலில் எதிர்த்திசையிலிருந்து வந்து அறிமுகமானது என்றுதான் நான் சொல்வேன்.

ஆண்கள் போன பாதை வேறு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தோட்டத்துக்குப் போன கூலிகள் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் தட்டப்பாறை முகாமில் காவலில் இருந்து, அம்மை, காலரா இல்லையென்று தெரிந்த பிறகு கப்பலேறினார்கள். பிறகு அந்த முகாம் மண்டபம் என்ற ஊருக்குப் போனது. பெண்களும் போனார்கள், கொழுந்தும் கிள்ளினார்கள். ஆனால் கங்காணி நோட்டில் அவர்கள் ஒரு குடும்பத்தின் ஆட்கள். தன் பெயரில் ஒப்பந்தம், தன் பெயரில் சம்பளம், தன் பெயரில் பாஸ்போர்ட் என்று போனவர்கள் படித்த பெண்கள்தான்: டீச்சர்களும் நர்ஸ்களும். இரண்டாம் உலகப்போர் சமயத்தில், 1943இல் ராணுவ நர்ஸிங் சேவை தனிப்பிரிவாக ஆனபோது, சீருடை போட்டுக் கடல் தாண்டவும் ஒரு வழி வந்தது.

ஆண்களின் பாதைகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. ஜப்பான்காரன் குண்டு போட்டதும் 1942இல் பர்மாவிலிருந்து நடந்தே வந்தார்கள். மிச்சம் இருந்தவர்களின் கடைகளை 1964இல் பர்மா அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அதே 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தப்படி இலங்கைத் தோட்டத் தமிழர் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று முடிவானது. போனவர்கள் மூட்டையோடு திரும்பிய அந்தப் பத்து வருஷத்தில்தான் நர்ஸ்களுக்குக் கதவு திறந்தது. இங்கிலாந்தில் 1948இல் தொடங்கிய அரசு மருத்துவச் சேவைக்கு ஆள் போதவில்லை. மேற்கு ஜெர்மனிக்குக் கேரளத்திலிருந்து கத்தோலிக்கப் பெண்கள் கூட்டமாகப் போனார்கள். அமெரிக்கா 1965இல் குடியேற்றச் சட்டத்தை மாற்றியது. 1973இல் எண்ணெய் விலை ஏறியதும் வளைகுடா நாடுகள் பாலைவனத்தில் ஆஸ்பத்திரிகளைக் கட்டி அடுக்கின. கட்டிடத்தைச் சீக்கிரம் கட்டிவிடலாம், நர்ஸை உருவாக்க அன்றைக்கு மூன்றரை வருஷம் வேண்டும். அவர்கள் ஆயத்தமாக இருந்தவர்களைத் தேடி வந்தார்கள்.

நான் நர்ஸிங் சேர்ந்தது அந்த நேரத்தில்தான். ஆச்சி சம்மதிக்கவில்லை. "ஏட்டி, கண்டவனுக்கும் பீ மூத்திரம் அள்ளவா ஒங்கப்பன் உன்னப் படிக்க வச்சான்?" என்று திண்ணையில் உட்கார்ந்து சத்தம் போட்டாள். அப்பா பதில் பேசவில்லை. அவருக்கு நாலு பெண் பிள்ளைகள். மிஷன் ஆஸ்பத்திரியில் பீஸ் குறைவு, தங்க இடம், சாப்பாடு, கையில் கொஞ்சம் உபகாரச் சம்பளம். அந்தக் கணக்கு ஆச்சியின் சத்தத்தைவிடப் பெரிதாக இருந்தது. காலை ஐந்தரை மணிக்கு ஜெபம், ஆறரைக்கு வார்டு. கட்டில் விரிப்பின் மூலையை மடிக்கிற விதம் சரியில்லையென்றால் மேட்ரன் முழுவதையும் உருவிப் போட்டுவிட்டு மறுபடி விரிக்கச் சொல்வார். அந்த மூலை மடிப்பைப் பிற்பாடு ரியாத்தில் ஒரு பிலிப்பினோ சிஸ்டரும் அச்சு அசலாக அப்படியே போட்டதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நேராகச் சவுதிக்கு யாரும் எடுப்பதில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷ அனுபவம் கேட்பார்கள். அதற்குத்தான் பம்பாய், டில்லி, வேலூர். பம்பாயில் எங்கள் ஹாஸ்டலில் மலையாளிகள்தான் அதிகம். எந்தத் தேதியில் எந்த நாட்டு ஆட்கள் நேர்முகத்துக்கு வருகிறார்கள், யார் நல்ல ஏஜென்ட், யார் பணத்தை விழுங்குகிறவன் என்ற விவரமெல்லாம் அவர்கள் வாயிலிருந்துதான் கிடைக்கும். அன்றைக்கு இருந்த 1922ஆம் வருஷக் குடிபெயர்வுச் சட்டம் தோட்டக் கூலிகளை மனத்தில் வைத்து எழுதியது. புதுச் சட்டம் 1983இல்தான் வந்தது. எண்ணெய் விலை ஏறியதற்கும் அதற்கும் நடுவிலிருந்த பத்து வருஷம் ஏஜென்ட்களுக்கு அறுவடைக் காலம். என்னிடமும் ஒருத்தன் வாங்கிக்கொண்டு காணாமல் போனான். அம்மாவின் இரண்டு வளையல் அதில் போயிற்று. கடைசியில் சவுதி சுகாதார அமைச்சகத்தின் ஆட்களே வந்து எடுத்தபோதுதான் எனக்கு வேலை கிடைத்தது. பாஸ்போர்ட்டுக்குத் திருச்சிக்கு ஓடவேண்டும். மதுரையில் அலுவலகம் வந்தது 2007இல்.

சவுதியைப் பற்றி ஊரில் பொன் விளைகிற இடம்போலப் பேசுவார்கள். எனக்கு அது நைட் டூட்டி விளைந்த இடம். ஹாஸ்டல் வாசலில் காவலாளி, வாரத்துக்கு ஒருநாள் மார்க்கெட்டுக்கு பஸ், வெளியே இறங்கினால் கருப்பு அபாயா. முதல் மாதத்தில் கற்ற அரபி "வேன் அலம்?" எங்கே வலிக்கிறது என்று அர்த்தம். அது ஒன்றை வைத்துக்கொண்டே ஒரு வார்டை ஓட்டிவிடலாம். கிறிஸ்துமஸ் அன்றைக்கு டூட்டி உண்டு. அறைக்குள் திரைபோட்டு, மூச்சுவிடுகிற அளவுக்குச் சத்தத்தில் பாட்டுப் பாடுவோம். ஹஜ் காலத்தில் முஸ்லிம் சிஸ்டர்களை மக்காவுக்கு அனுப்பிவிடுவார்கள். மற்றவர்களுக்கு அங்கே நுழைய அனுமதியில்லை, அதனால் அவர்கள் விட்டுப்போன டூட்டியும் எங்கள் தலையில் விழும். கடிதம் எழுத நேரமில்லாமல் கேசட்டில் பேசி அனுப்புவேன். அம்மா அதை டேப்பில் போட்டுத் தெருப் பெண்களையெல்லாம் கூட்டிவைத்துக் கேட்பாள் என்று பிறகு தெரிந்ததும், மேட்ரனைத் திட்டுவதை நிறுத்திக்கொண்டேன்.

1990 ஆகஸ்ட் 2இல் ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. குவைத்திலிருந்த இந்தியர்களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களை அம்மான் வழியாக ஏர் இந்தியா தூக்கிக்கொண்டு வந்தது. நாங்கள் ரியாத்தில் இருந்தோம். ஜனவரியில் ஸ்கட் ஏவுகணை விழ ஆரம்பித்தது. நோயாளிகளை விட்டு ஓட முடியாது, ஊரில் போன் போட்டு அழவும் முடியாது. சைரன் கேட்டதும் முகமூடியை மாட்டிக்கொண்டு டிரிப்ஸ் மாற்றினோம்.

அந்தப் பணம் என்ன செய்தது? என் தங்கைகள் மூன்று பேருக்கும் கல்யாணம் நடந்தது, தம்பி இன்ஜினீயர் ஆனான். பாளையங்கோட்டைக்கு வெளியே புதுப்புது நகர்களில் எழுந்த வீடுகளில் எத்தனை வீட்டுக்கு அஸ்திவாரம் ஒரு நர்ஸின் சம்பளம் என்று அந்தந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். 1970களில் நர்ஸ் என்றால் முகம் சுளித்த மாப்பிள்ளை வீட்டார், பத்து வருஷத்தில் "சவுதி நர்ஸ் இருக்கா?" என்று தரகரிடம் கேட்டார்கள். கட்டிக்கொண்டு பின்னாலேயே குடும்ப விசாவில் போய்விடலாம் அல்லவா. எங்கள் கிராமத்துக் கிறிஸ்தவக் கோயிலில் தரைக்கு மொசைக் போட்டது என் பணம். அங்கே பதித்திருக்கிற கல்லில் என் அப்பா பெயர் இருக்கிறது. அப்பாவுக்கு மரியாதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சுற்றுவட்டாரத்துக் கோயில்களில் நான் பார்த்த கல்லெல்லாம் அப்பா, கணவர், மாமனார் பெயரில்தான் இருக்கிறது.

ஆபத்துகளும் மோசடிகளும் இன்னும் தீரவில்லை. 2014 ஜூலையில் ஈராக்கின் திக்ரித்தில் போரில் சிக்கி மீண்ட 46 நர்ஸ்களில் தூத்துக்குடிப் பெண் ஒருத்தியும் உண்டு. மற்றவர்கள் மலையாளிகள் என்பதால் செய்தித்தாளில் அவள் ஒரு வரி. 2015இல் குவைத் வேலைக்கு 19,500 ரூபாய் வாங்கவேண்டிய இடத்தில் பத்தொன்பதரை லட்சம் வாங்கிய ஏஜென்சி மேல் கொச்சியில் சி.பி.ஐ. வழக்குப் போட்டது. அந்த வருஷம்தான் மத்திய அரசு, வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு நர்ஸ்களை அரசு நிறுவனங்கள் வழியாக மட்டுமே எடுக்கவேண்டும் என்று உத்தரவு போட்டது. தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட அரசு நிறுவனம் 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். இப்போதைய பிள்ளைகள் சவுதியை ஒரு நிறுத்தமாக வைத்துக்கொண்டு இங்கிலாந்துக்கும் ஜெர்மனிக்கும் பார்வை வைக்கிறார்கள். வண்ணார்பேட்டைப் பக்கம் ஆங்கிலத் தேர்வுக்கும் ஜெர்மன் பாஷைக்கும் வகுப்புப் போகிற பெண்களை பஸ்ஸில் பார்க்கிறேன். அவர்களில் எல்லா மதப் பெண்களும் எல்லாச் சாதிப் பெண்களும் இருக்கிறார்கள். மிஷன் ஆஸ்பத்திரி தொடங்கியது கடைசியில் மிஷனைத் தாண்டிப் போய்விட்டது. நல்லதுதான்.

கோயில் பதிவேட்டில் ஒரு பெண்ணின் பெயர் ஞானஸ்நானத்தில் வரும், கல்யாணத்தில் வரும், அடக்கத்தில் வரும். அவள் நடுவில் முப்பது வருஷம் எங்கே போய் யாரைக் காப்பாற்றினாள் என்பதற்கு அதில் கட்டம் கிடையாது. உங்கள் வீட்டில் அத்தையோ சித்தியோ வெளிநாட்டில் நர்ஸாக இருந்திருந்தால், அவர்களுடைய பழைய பாஸ்போர்ட், ஒப்பந்தத் தாள், ஹாஸ்டல் போட்டோ, கேசட் எதையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். போட்டோவின் பின்பக்கம் பெயர், படித்த ஆஸ்பத்திரி, போன வருஷம், நாடு நான்கையும் எழுதி வையுங்கள். ஒரு நகலை உங்கள் சபைப் பாதிரியாரான சேகர குருவிடம் கொடுங்கள், இன்னொன்றை பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்தில் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர்களில் பலர் இப்போது எழுபது தாண்டியவர்கள். கேட்டால் சொல்வார்கள், இந்த வருஷமே கேளுங்கள்.