13 கேள்விக்குறிகள்

இன்னைக்கு எபிசோட் ஒரு கூரியர் கவர்ல ஆரம்பிக்குது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல எங்க கம்பெனியில 3 சிஸ்டம் ஓடிச்சு. ஆர்டர் வாங்குற வெப்சைட், பில் போடுற பழைய சாஃப்ட்வேர், லேபிள் அடிக்கிற இன்னொண்ணு. ஒருத்தங்க ‘முத்துலட்சுமி’ன்னு தமிழ்ல பேர் கொடுத்தா, கவர் மேல வரிசையா 13 கேள்விக்குறி வரும். நம்ம கண்ணுக்கு அது 7 எழுத்து. ஆனா கம்ப்யூட்டர் ‘ம’ தனியா, உகரக் குறி தனியா, புள்ளி தனியான்னு வைக்குது. எண்ணிப் பாருங்க, 13 வரும்.

இந்த மாதிரி ஒரு தலைவலிக்காக ஒரு அமெரிக்க அதிபரே உத்தரவு போட்டிருக்காரு.

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். எந்த எண் எந்த எழுத்துன்னு ஒரு பட்டியல் வேணும். 1960-கள் தொடக்கத்துல அப்படி 60-க்கும் மேல பட்டியல் புழக்கத்துல இருந்துச்சு. ஐபிஎம்-ல இருந்த பாப் பீமர் 1961-ல, எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு வேணும்னு முன்மொழிஞ்சார். 1963-ல ஆஸ்கி வந்துச்சு. அடுத்த வருஷமே அதே ஐபிஎம் தன்னோட சிஸ்டம்/360-ஐ அறிவிச்சுது, எப்சிடிக்-ங்கற வேற பட்டியலோட!

ஆங்கில ‘ஏ’வுக்கு ஆஸ்கியில 65, எப்சிடிக்ல 193. ஆஸ்கியில ‘ஐ’க்கு அடுத்த எண்லயே ‘ஜே’ வரும். எப்சிடிக்ல ‘ஐ’க்கு 201, ‘ஜே’க்கு 209. துளை அட்டை காலத்துப் பழக்கத்தால வந்த இடைவெளி அது. இன்னொரு வில்லங்கமும் உண்டு. வரிசைப்படுத்தினா ஆஸ்கியில எண்கள் எழுத்துக்கு முன்னாடி, எப்சிடிக்ல பின்னாடி. ஒரே கணக்குப் பட்டியல் ரெண்டு மெஷின்ல ரெண்டு வரிசையில வரும்.

1968 மார்ச் 11-ல அதிபர் லிண்டன் ஜான்சன் உத்தரவு போட்டார். (அடுத்த 20 நாள்ல, இனி தேர்தல்ல நிக்கலைன்னு அறிவிச்சவர். அந்த நெருக்கடியிலயும் இதுக்கு நேரம் இருந்திருக்கு!) 1969 ஜூலை 1-க்கு அப்புறம் மத்திய அரசுக்கு வர்ற எந்தக் கம்ப்யூட்டரும், காந்த நாடாவிலயும் காகித நாடாவிலயும் ஆஸ்கியைப் பயன்படுத்தத் தெரிஞ்சிருக்கணும்னு சொல்லிச்சு அது.

எனக்கு இதுல பிடிச்சதே அந்த ‘நாடா’தான். மெஷினுக்குள்ள என்ன வேணா வெச்சுக்கோ, ஒரு ஆபீஸ்ல இருந்து இன்னொரு ஆபீஸுக்குப் போற நாடாவுல மட்டும் பொது பாஷை பேசுன்னு சொல்றாங்க. ஐபிஎம்-மும் உள்ளே மாறல. சிஸ்டம்/360-ல ஆஸ்கிக்குன்னே ஒரு சுவிட்ச் மாதிரி வெச்சிருந்தாங்க. யாரும் தொடாததால அடுத்து வந்த சிஸ்டம்/370-ல எடுத்துட்டாங்க. ஐபிஎம் மெயின்ஃப்ரேம்கள்ல எப்சிடிக் இன்னும் இருக்கு.

நம்ம ஊர்க் கதையும் இதே ஜாடைதான். 1999-ல சென்னையில நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டேம், டேப்னு ரெண்டு குறியீடு வந்துச்சு. இணையத்துல தமிழர்கள் பேசிப் பேசி உருவாக்கின டிஸ்கி இன்னொரு பக்கம். இத்தனைக்கும் 1991-ல வந்த யூனிகோடின் முதல் பதிப்புலயே தமிழ் இருக்கு. தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏத்துக்கிட்டு ஆணை போட்டது 2010-ல.

எங்க ஆபீஸுக்கு வருவோம். “எல்லாத்தையும் யுடிஎஃப்-8 ஆக்கிட்டா முடிஞ்சுது தம்பி”ன்னாரு எங்க மேனேஜர். ஒரு ராத்திரி உக்காந்து டேட்டாபேஸ் செட்டிங்கை மாத்தினோம். காலையில பார்த்தா, அதுவரைக்கும் ஒழுங்கா இருந்த பழைய பேர் எல்லாம் நாசம். மேல சாய்கோடு போட்ட சின்ன ‘ஏ’, வட்டத்துக்குள்ள ‘ஆர்’, திரும்பவும் அதே ஜோடி.

காரணம் என்னன்னா, பழைய வெப்சைட் யுடிஎஃப்-8-ஐ அனுப்பிட்டு, ‘இது லத்தீன்-1’னு டேட்டாபேஸ்கிட்ட பொய் சொல்லியிருக்கு. திருப்பி எடுக்கும்போதும் அதே பொய். ரெண்டு பொய்யும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டதால பேர் சரியா தெரிஞ்சுது. நாங்க ஒரு பொய்யை மட்டும் திருத்திட்டோம்.

அந்தப் பேரையெல்லாம் மீட்டுட்டோம். பைட்டுகள் அப்படியே இருந்துச்சு, லேபிள்தான் தப்பு. கேள்விக்குறி கதை வேற. அங்க புது வெப்சைட் உண்மையைச் சொல்லியே அனுப்பியிருக்கு. ஆனா வாங்கின டேபிள் லத்தீன்-1. அதுல தமிழுக்கு இடமே கிடையாது. அதனால ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறியைப் போட்டு, அசலைத் தூக்கி எறிஞ்சிடுச்சு. எந்த சாஃப்ட்வேராலயும் அதைத் திருப்ப முடியாது.

அதனால அடுத்த ஒரு வாரம் போன்தான். ஆர்டர் நம்பரைச் சொல்லி, “உங்க பேர் எங்க சிஸ்டத்துல அழிஞ்சுடுச்சுங்க, ஒரு தடவை சொல்றீங்களா?”ன்னு கேட்கணும். பாதிப் பேர் மோசடி கால்னு நினைச்சு கட் பண்ணிட்டாங்க. நியாயம்தானே!

ஒரு அம்மா மட்டும் பொறுமையா சொன்னாங்க. “முத்துலட்சுமிங்களா?”ன்னு கேட்டேன்.

“லெட்சுமி தம்பி. ‘ல’வுக்கு முன்னாடி கொம்பு உண்டு.”

திரையில பார்த்தேன். அந்த வரியில 14 கேள்விக்குறி இருந்துச்சு.