பல்லின் நிழல்

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் வழியில், வயல் வரப்பில் ஒற்றைப் பனை நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். விடிந்ததும் அதன் நிழல் நாலைந்து வயல் தாண்டிக் கிடக்கும். உச்சிவேளையில் காலடியில் ஒடுங்கிவிடும். பங்குனி மாதத்தில் காலை ஒன்பதரை மணியளவில், கதிரவன் அடிவானிலிருந்து 45 பாகை உயரத்தில் நிற்கும்போது, நிழலும் மரமும் ஒரே நீளம். பல் மருத்துவர் வாய்க்குள் எடுக்கும் எக்ஸ்-கதிர்ப் படமும் ஒரு நிழல்தான். அந்த நிழலைப் பல்லின் நீளத்துக்குக் கொண்டுவரத்தான் பெரும்பாடு பட்டார்கள்.

1895 நவம்பரில் ராண்ட்ஜன் எக்ஸ்-கதிர்களைக் கண்டுபிடித்தார். 1896 ஜனவரியிலேயே ஜெர்மானியப் பல் மருத்துவர் ஓட்டோ வால்காஃப், ஒளிப்படக் கண்ணாடித் தகட்டைக் கறுப்புத் தாளிலும் ரப்பரிலும் பொதிந்து தம் வாய்க்குள் வைத்துக்கொண்டு, 25 நிமிடம் அசையாமல் கிடந்தார்! இன்று ஒரு விநாடிகூட ஆவதில்லை.

பிலிமைப் பல்லுக்கு இணையாக ஒட்டி வைக்க முடிந்தால் தொல்லையில்லை. ஆனால் மேலண்ணம் வளைந்திருக்கிறதே! பிலிம் சாய்ந்தே நிற்கிறது. கதிரைப் பல்லுக்குச் செங்குத்தாக விட்டால் படத்தில் வேர் நீண்டுவிடும். பிலிமுக்குச் செங்குத்தாக விட்டால் குறுகிவிடும். வேரின் நீளம் தெரியாமல் வேர்ச் சிகிச்சை செய்வது எப்படி? 1904-இல் அமெரிக்கர் வெஸ்டன் பிரைசும், 1907-இல் போலந்து நாட்டவர் சீஷின்ஸ்கியும் வழி சொன்னார்கள். பல்லுக்கும் பிலிமுக்கும் இடையேயுள்ள கோணத்தை இரு சமபாகமாக்கும் கோடு ஒன்றை மனத்தில் வரைந்து, அதற்குச் செங்குத்தாகக் கதிரைச் செலுத்த வேண்டும். நம் பனையைப் பாருங்கள். மரத்துக்கும் தரைக்கும் 90 பாகை, பாதி 45. ஒன்பதரை மணிக் கதிர் அந்த நடுக்கோட்டுக்குச் செங்குத்தாகத்தான் விழுகிறது. பள்ளியில் படித்த சர்வசம முக்கோணங்கள் இவைதாம்.

சரி, வாய்க்குள் பிலிமைப் பிடிப்பது யார்? நோயாளியின் விரல், அக்காலத்தில் பலமுறை மருத்துவரின் விரல். நியூ ஆர்லியன்சில் 1896-லேயே இப்படம் எடுக்கத் தொடங்கிய எட்மண்ட் கெல்ஸ், குழாய் சரியாக வேலை செய்கிறதா என்றறியத் தம் கையையே கதிரின் முன் நீட்டிப் பார்ப்பார். புற்றுநோய் பற்றியது. விரல்கள், பிறகு கை என்று வெட்டி எடுத்தார்கள். வேதனை தாளாமல் 1928-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். பாஸ்டன் பல் மருத்துவர் வில்லியம் ரோலின்ஸ் 1901-லேயே சீமைப் பெருச்சாளிகளை எக்ஸ்-கதிர் கொல்வதைக் காட்டி எச்சரித்திருந்தார். கேட்டவர் மிகச் சிலரே.

வேறொரு வழியும் இருந்தது. பிலிமைப் பல்லிலிருந்து சற்று விலக்கினால் வாயின் நடுவில் இடம் கிடைக்கும், இணையாகவே நிறுத்தலாம். ஆனால் விலகினால் நிழல் பெரிதாகி விளிம்பு மங்கும். பரிகாரம், கதிர்க்குழாயைத் தூரத்தில் வைப்பது. 1920-இல் மெக்கார்மக் இதைப் பின்பற்றினார். 1947-இல் ஃபிட்ஸ்ஜெரால்ட் நீண்ட குழலுடன் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 8 அங்குலத்தை 16 ஆக்கினால் கதிரின் செறிவு கால்பங்காகிவிடும் என்பது எதிர்விகித இருமடி விதி. விரைவாகப் பதியும் பிலிம்கள் வந்து அந்தக் குறையை ஈடுசெய்தன.

இம்முறையில் பிலிமைத் தாங்க விரல் உதவாது. நோயாளி பல்லால் கடித்துக்கொள்ளும் பிடிப்பான் ஒன்று வேண்டும். பிலிமின் இடத்தில் மின்னணு உணரி வந்துவிட்ட இன்றும் அதே பிடிப்பான்தான். அடுத்த முறை படம் எடுக்கப் போகும்போது, விரலால் பிடிக்கச் சொன்னால், அது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.