பிக்காட்டினி
ரைஃபிளின் மேல் ஸ்கோப் மாட்டுவோர் வாயில் அடிக்கடி அடிபடும் சொல் ‘பிக்காட்டினி’. ஸ்கோப்பைத் தாங்கும் வளையங்கள் வந்து உட்காரும், குறுக்கே காடி வெட்டிய தண்டவாளத்துக்கு இப்பெயர். ஆளின் பெயரன்று, இடத்தின் பெயர். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1880இல் வெடிமருந்துக் கிடங்காகத் தொடங்கிய ராணுவ ஆயுதசாலைதான் பிக்காட்டினி. தண்டவாளத்தின் அளவுகள் 1995இல் ராணுவத் தரமாயின. அதற்கும் மூத்த ‘வீவர்’ தண்டவாளம்தான் ஆளின் பெயர் கொண்டது.

இரண்டையும் ஒன்றென்று நினைத்து வளையம் வாங்கக் கூடாது. பிக்காட்டினி காடியின் அகலம் 5.23 மி.மீ.; வீவருக்கு 4.57தான். வீவர் வளையம் பெரும்பாலும் பிக்காட்டினியில் உட்கார்ந்துவிடும். மறுதலை அப்படியல்ல, பிக்காட்டினி வளையத்தின் அடியில் உள்ள குறுக்குத்தண்டு வீவர் காடிக்குள் இறங்காது.

எடை குறைய அலுமினிய வளையம் நல்ல தேர்வே. ஆனால் சில கிராம் மிச்சத்தைவிட அது உட்காரும் விதம்தான் பெரிது என்பேன். குறுக்குத்தண்டு காடியின் முன்சுவரைத் தொடும்படி வளையத்தைக் குழல்முனைப் பக்கம் தள்ளிப் பிடித்து, அதன் பிறகே திருகை முடுக்க வேண்டும். சுட்டதும் ரைஃபிள் பின்னுக்கு உதைக்கும். அங்கே இடைவெளி இருந்தால் வளையம் முன்னே நழுவி, குறி மாறிவிடும்.