வேற்றுமை ஏற்ற சொற்கள்

கால்பந்தில் நடுவர் கொடுக்கும் ‘பெனால்டி’ செக் மொழிக்குள் போனதும் ‘பெனல்டா’ ஆகிவிட்டது. இந்த ஈற்றில் முடிந்தால் அங்கே அது பெண்பாற் சொல். செயப்படுபொருளாக வந்தால் ‘பெனல்டு’ என்று மாறும். பன்மையில் ‘பெனல்டி’, செக் எழுத்தில் அந்தப் பன்மை ஆங்கில ஒருமையைப் போலவே இருக்கும். பிராக் நகரத்துச் சிறுவன் ஒருவனுக்கு இது ஆங்கிலத்திலிருந்து வந்தது என்ற நினைப்பே இராது. அவன் வீட்டுச் சொற்கள் ஏழு வேற்றுமைகளில் எப்படி மாறுகின்றனவோ, அப்படியே இதுவும் மாறுகிறது.

அகராதி வேலையில் பல காலம் இருந்தவன் நான். எந்த மொழியைப் பற்றிப் படித்தாலும், அயல்சொல் உள்ளே வந்தபோது அந்த மக்கள் என்ன செய்தார்கள் என்பதைத்தான் முதலில் தேடுவேன். இந்த விஷயத்தில் செக் மக்களின் இருநூறு ஆண்டு வரலாறு போல எனக்குத் தெம்பு தந்தது வேறில்லை.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் ஆட்சியின் கீழ் இருந்தார்கள். அலுவலகம், மேற்படிப்பு, நகரத்துப் பெரிய மனிதர்களின் பேச்சு எல்லாம் ஜெர்மன். செக் என்பது உழவர்களும் வேலைக்காரர்களும் பேசுவது, அதில் உயர்ந்த விஷயம் எதையும் சொல்ல முடியாது என்று படித்தவர்களே நம்பினார்கள். யோசஃப் யுங்மன் என்ற பள்ளி ஆசிரியர் அதை ஏற்கவில்லை. 1811இல் மில்டனின் ‘இழந்த சொர்க்கம்’ காவியத்தைச் செக்கில் வெளியிட்டார். ஜெர்மன், போலிஷ் மொழிபெயர்ப்புகளையும் துணைக்கு வைத்துக்கொண்டு செய்த வேலை அது. சொல் போதாத இடங்களில் பழைய செக் நூல்களைத் தோண்டினார். ரஷ்ய, போலிஷ் உறவு மொழிகளிடம் கடன் வாங்கினார். இன்று செக் மக்கள் சுவாசிக்கும் காற்றின் பெயரும், இயற்கை என்பதற்கான சொல்லும் அந்தத் தலைமுறை ரஷ்ய மொழியிலிருந்து கொண்டுவந்தவையே. பின்னர் 1834 முதல் 1839 வரை ஐந்து தொகுதிகளாக அவருடைய செக்-ஜெர்மன் அகராதி வந்தது. சுமார் 1,20,000 சொற்கள். ‘இந்த மொழியில் சொல் இல்லை’ என்ற பேச்சை அது அடக்கியது.

யுங்மனின் நண்பர் யான் ஸ்வதோப்லுக் பிரெஸ்ல் அறிவியல் பக்கம் போனார். வேதியியலுக்கும் உயிரியலுக்கும் அவர் ஆக்கிய சொற்கள் இன்றும் பள்ளிப் புத்தகங்களில் உள்ளன. ஆங்கிலேயர் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த ‘கங்காரு’ என்ற பெயரை அவர் அப்படியே வாங்கவில்லை. குதிப்பவனைக் குறிக்கும் ‘ஸ்கொகன்’ என்ற செக் சொல்லின் சாயலில் ‘க்ளொகன்’ என்று வைத்தார். முதல் எழுத்தில் கங்காருவின் ஒலி, மீதியில் குதிக்கிற விலங்கின் குணம். இன்று செக் குழந்தைக்கு அந்த விலங்கின் பெயர் இது ஒன்றுதான்.

ஆனால் மில்டனும் கங்காருவும் படித்தவர்களின் அறைக்குள் நடந்த கதை. அன்றாட ஆங்கிலச் சொற்களைச் செக்கில் சொல்லியே தீரவேண்டிய கட்டாயம் அட்லாண்டிக்குக்கு அப்பால்தான் முதலில் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் செக் நாட்டுப் போஹேமியாவின் சிற்றூர்களிலிருந்து ஏராளமான குடும்பங்கள் விஸ்கான்சின், அயோவா, நெப்ராஸ்கா, டெக்சாஸ் என்று போய்க் குடியேறின. விஸ்கான்சினில் ரசீன் என்ற ஊரில் 1860இல் அமெரிக்காவின் முதல் செக் செய்தித்தாள் வெளிவந்தது. ஆஸ்திரியக் காவல்துறையின் தொல்லையால் நாட்டை விட்டு வெளியேறிய கரேல் யோனாஷ் என்ற இளைஞர் 1863இல் அந்த ஊருக்கு வந்து, ‘ஸ்லாவியே’ இதழின் ஆசிரியரானார். 1876இல் அங்கேயே செக்-ஆங்கில, ஆங்கில-செக் அகராதியை வெளியிட்டார்.

யோனாஷின் அகராதியை வாங்கியவருக்குப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது, வட்டி எவ்வளவு, வேலி யாருடைய பொறுப்பு, நீதிமன்ற ஓலை எதற்கு வந்தது என்று தெரியவேண்டும். தெரியாமல் கையெழுத்துப் போட்டால் நிலம் போய்விடும். அதனால்தான் யோனாஷ் அகராதியோடு நிற்கவில்லை. அமெரிக்கச் சட்டத்தைச் செக்கில் விளக்கி ஒரு நூலும், உழவர்களுக்காக ஒரு நூலும் எழுதினார். பின்னால் அவரே அரசியலில் இறங்கி 1891 முதல் 1894 வரை விஸ்கான்சினின் துணை ஆளுநராக இருந்தார். அகராதி தொகுத்தவர் ஒருவர் இந்த உயரத்துக்குப் போனார் என்பது எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

அகராதி ஒரு பக்கம் இருக்க, குடியேறியவர்களின் நாக்கு தன் வழியில் போனது. கடை ‘ஷ்டோர்’ ஆனது, வேலி ‘ஃபென்ஸ்’ ஆனது. டெக்சாஸ் செக்காரர்கள் மோட்டார் காரை ‘காரா’ என்றார்கள். தாய்நாட்டில் அந்தச் சொல்லுக்குத் தள்ளுவண்டி என்று பொருள். இதைக் கெட்டுப்போன செக் என்று சொல்வோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தச் சொற்களையும் அவர்கள் செக் வேற்றுமை உருபு சேர்த்தே பேசினார்கள்.

தாய்நாட்டில் ஆங்கிலச் சொற்கள் நெடுங்காலம் ஜெர்மன் வாசல் வழியாகவே வந்தன. பிஸ்கட்டுக்கு அங்கே ‘கெக்ஸ்’ என்று பெயர். ஆங்கிலக் ‘கேக்’கின் பன்மை ஜெர்மனில் உருமாறி, பொருளும் மாறி வந்து சேர்ந்தது. 1875இல் பிராக் தெருவில் குதிரை இழுத்த டிராம் ஓடத் தொடங்கியது. ‘டிராம்வே’ அங்கே ‘டிராம்வாய்’ என்று பெண்பாலானது. மின்சாரத்தில் ஓடத் தொடங்கியபின் பழைய பிராக்வாசிகள் அதை ‘எலெக்ட்ரிகா’ என்றே அழைத்தார்கள்.

விளையாட்டுத்தான் பெரிய போர்க்களம். ஸ்லாவியா கழகம் 1892இலும் ஸ்பார்டா 1893இலும் பிராக்கில் தோன்றின. கால்பந்தோடு அதன் ஆங்கிலச் சொற்கள் மொத்தமும் வந்து இறங்கின. அவற்றுக்கு ஈடாக, உதைப்பது என்ற வினையிலிருந்து கால்பந்துக்குக் ‘கொபனா’, கூடை என்பதிலிருந்து கூடைப்பந்துக்குக் ‘கொஷீகொவா’, திருப்பி அடிப்பதிலிருந்து கைப்பந்துக்கு ‘ஒட்பியெனா’ என்று ஆக்கினார்கள். அழகான சொற்கள். ஆனால் தெருவில் ‘ஃபொட்பல்’, ‘பாஸ்கெட்பல்’, ‘வொலெய்பல்’ வென்றன. கோல் விஷயத்தில் இரண்டும் பிழைத்தன: வாயிலைக் குறிக்கும் ‘பிரன்கா’வும் உண்டு, ‘கோல்’ என்பதும் உண்டு. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் பேசுபவர்கள் உண்டு, யாரும் முகம் சுளிப்பதில்லை.

முதல் உலகப் போருக்குப் பின் பிராக் தொழிலாளி இளைஞர்கள் வார இறுதியில் காடும் ஆறும் தேடிப் போனார்கள். தங்களை ‘டிராம்ப்’ என்று அழைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய குடியிருப்புக்குத் தலைவர் ‘ஷெரிஃப்’. தீ மூட்டிப் பாடும் கூட்டம் ‘பொட்லாக்’, வடஅமெரிக்கத் தொல்குடிகளின் சொல் ஆங்கிலம் வழியே வந்தது. ‘வீகெண்ட்’ என்ற சொல்லும் செக் எழுத்தில் வேர்விட்டது.

இதையெல்லாம் எப்படி எடுத்துக்கொள்வது என்று தெளிவாகச் சொன்னவர் விலேம் மத்தேசியுஸ். பிராக் சார்லஸ் பல்கலைக்கழகம் 1882இல் செக், ஜெர்மன் என்று இரண்டாகப் பிரிந்தது. அதன் செக் பிரிவில் 1912இல் ஆங்கில மொழி, இலக்கியத்துக்கான முதல் பேராசிரியரானவர் அவர். 1920களின் தொடக்கத்தில் கண்பார்வை போய்விட்டது. மாணவர்கள் படித்துக் காட்ட, அவர் சொல்லி எழுதுவித்தார். அந்த நிலையில்தான் 1926 அக்டோபர் 6 அன்று தன் அறையில் சிலரைக் கூட்டினார். அதுவே பிராக் மொழியியல் வட்டம்.

‘நஷே ரெச்’, அதாவது ‘நம் மொழி’, என்ற இதழ் அப்போது தூய்மைக் காவலராக நின்றது. ஜெர்மன் சாயல் படிந்த சொல்லையும் தொடரையும் களைவது அதன் வேலை. ஆசிரியர் யிரி ஹாலர், நல்ல எழுத்தாளர்களின் நடையிலும் பிழை பிடித்தார். 1932இல் வட்டத்தினர் பொது மேடையில் பதில் சொன்னார்கள். உரைகள் அதே ஆண்டு நூலாக வந்தன. மத்தேசியுஸ் கேட்டது ‘நெகிழ்வான நிலைத்தன்மை’. எழுத்து மொழிக்கு நிலைத்தன்மை வேண்டும், ஆனால் புதிய வேலைக்கு வளைந்து கொடுக்கவும் வேண்டும். ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்பதைவிட, அது செய்யவேண்டிய வேலையைச் செய்கிறதா, நல்ல எழுத்தாளர்கள் அதைக் கையாளுகிறார்களா என்பதே அளவுகோல். யுங்மனின் உழைப்பை மதித்துக்கொண்டே இதைச் சொல்ல முடியும்.

இன்னொன்றையும் அவர் காட்டினார். மொழிபெயர்ப்பில் சொல்லுக்குச் சொல் தேடுவது சின்ன வேலை. எதை முன்னே சொல்வது, எதைப் பின்னே சொல்வது என்பதே பெரிய வேலை. ‘எனக்குப் புத்தகத்தைக் கொடுத்தது அப்பா’ என்று கொடுத்தவரைக் கடைசியில் நிறுத்த ஆங்கிலம் செயப்பாட்டு வினைக்குப் போகவேண்டும். செக்கில் சொற்களை இடம் மாற்றினால் போதும், வேற்றுமை உருபு பொருளைக் காப்பாற்றிவிடும். தமிழருக்கு இதை விளக்கவே தேவையில்லை. மத்தேசியுஸ் 1945 ஏப்ரலில், போர் முடியச் சில வாரங்கள் இருக்கும்போது காலமானார்.

1948இல் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தபின் பள்ளிகளில் ரஷ்யன் கட்டாயமானது, ஆங்கிலம் ஒதுங்கியது. 1989இல் அந்த ஆட்சி போனபின் ‘பிஸ்னிஸ்’ வந்தது, ‘மனஜெர்’ வந்தது. கணிப்பொறிக்கு மட்டும் எண்ணுவது என்ற வினையிலிருந்து பிறந்த ‘பொசீடச்’ அசையாமல் நிற்கிறது. மின்னஞ்சலில் வரும் வட்டக் குறிக்கு ‘ஸவினாச்’ என்று பெயர். சுருட்டி ஊறவைத்த மீனுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் அது. ‘சிப்ஸ்’ ஏற்கெனவே பன்மை. அதன்மேல் செக் பன்மை ஈறும் சேர்த்து ‘சிப்ஸி’ என்கிறார்கள். அகதா கிறிஸ்டியின் பெயரும் செக்கில் பெண்பால் ஈறு ஏற்று ‘கிறிஸ்டியோவா’ ஆகிவிடுவதுண்டு.

மத்தேசியுஸ் வளர்த்த ஆங்கிலத் துறை உள்ள அதே பல்கலைக்கழகத்தில் 1946 முதல் 1952 வரை இந்தியவியலோடு ஆங்கிலத்தையும் படித்தவர் கமில் சுவெலபில். தமிழ் இலக்கியத்தை உலகுக்கு எடுத்துச் சொன்ன அவருக்கு நாம் பட்ட கடனில் ஒரு பகுதியை அடைக்க வழி உண்டு. 1932ஆம் ஆண்டின் அந்த உரைகள் தமிழில் வரவேண்டும். செக் கற்ற தமிழர் யாராவது இதைப் படித்தால், ஆங்கிலம் வழியாக அல்லாமல் நேராகச் செக்கிலிருந்து அவற்றை மொழிபெயர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.